பதினேழாங்காட்டார்

“வீட்டுப்பேர் எந்தா, மோளே?” என்று எட்டாம் வகுப்பில் டின்சி டீச்சர் மலையாளத்தில் கேட்டபோது, கற்பகம் தலையைத் தூக்காமல் ‘பதினேழாங்காடு’ என்றாள். அந்தப் பேரில் எப்போதும் பதினேழு பேர்தான் இருப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்திலிருந்தும் நின்றுவிட்டாள்.

பேர் வந்தது ரேஷன் கார்டு வழியாக. சூரியநெல்லிப் பக்கம் தேயிலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா மொக்கையனிடம், விண்ணப்பம் நிரப்பிய கிளார்க் செபாஸ்டின் வீட்டுப்பேர் கேட்டார். “வீடே கம்பெனியோடது சார், அதுக்கு நான் எங்கிட்டுப் பேரு வைக்க?” என்றார் மொக்கையன். கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார் கிளார்க். மொக்கையன் அன்று மருந்தடித்த தேயிலைக் காட்டின் நம்பரைச் சொன்னார்: பதினேழு. அன்று அவர் குடும்பத்தில் மொத்தம் பதினேழு பேர். எல்லாருக்கும் அதுவே எழுதப்பட்டது.

பிறகு மூன்று பேர் திருப்பூருக்குப் போனார்கள், இரண்டு பேர் ஏலப்பாறைக்கு. ஆனாலும் அந்தப் பேரில் ஆள் தொகை மாறவில்லை. பிள்ளை பிறந்தாலோ மருமகள் வந்தாலோ ஒருவர் எழுந்து போவார். மறுநாள் கார்டில் அவருடைய வரி வெள்ளையாக இருக்கும். கற்பகத்தின் அண்ணன் பாண்டீஸ்வரன் செல்வப்பிரியாவைக் கட்டிய அன்று, பெரியப்பா பந்தியில் பாயசம் குடித்து, இலையை மூடிவிட்டுப் போனார். பிறகு அவரைப் போடி சந்தையில் பார்த்தார்கள். வேறு பேர், கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஏலக்காய் விலை சொன்னார். இவர்களை அடையாளம் தெரியவில்லை. ஒருவர் குறைந்தால் ஜீப்பில் ஓர் ஆள் வந்து இறங்கும். மொக்கையன் செத்த பதினாறாம் நாள், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அரிசிப்பையோடு வந்து, “நான் பதினேழாங்காடு” என்றாள். கற்பகத்தின் அம்மா சாந்தம்மாள் டீ கொடுத்தாள். வந்தவள் இப்போது எல்லாருக்கும் அத்தை. நன்றாகக் கொழுந்து எடுப்பாள்.

இந்த வருஷம் செல்வப்பிரியா உண்டானாள். யாரையும் இழக்கக் கூடாது என்று சாந்தம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணமாகிப் புருஷன் பேருக்குப் போகிறவர்கள் எதையும் மறப்பதில்லை, தீபாவளிக்கு வந்துபோவார்கள். பத்தொன்பது வயதுக் கற்பகத்துக்கு ஏலப்பாறைப் பொன்ராஜைப் பேசினாள். ஆனால் தாலியும் பிரசவமும் ஒரே நாளில் விழ வேண்டும். தாலி முந்தினால் ஜீப் வந்துவிடும், பிரசவம் முந்தினால் யாராவது எழுந்து போய்விடுவார்கள். ஆபரேஷனுக்கு டாக்டர் ஒரு திங்கட்கிழமையைச் சொன்னார்; அதே நாளில் முகூர்த்தம் குறித்தார்கள். 

வலி சனிக்கிழமையே வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து சாந்தம்மாள் போன் போட்டாள். “மாப்ளே, மஞ்சக் கயிறு போதும், ஓடியாங்க.”

“வந்துட்டுத்தான் இருக்கேன் அத்தே. பூப்பாறைக்கிட்ட ரோட்டுல யானை நிக்குது.”

“ஹாரன் அடிங்க!”

“நீங்க வந்து அடிங்க.”

நாலு பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் அதைச் சாந்தம்மாள் கையில் கொடுத்தாள். எல்லாரும் கற்பகத்தைப் பார்த்தார்கள். அவள் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். “போறதா இருந்தா வெளிச்சத்தோட போயிரு தாயி” என்றாள் அரிசிப்பையோடு வந்த அத்தை.

கற்பகம் எழுந்திருக்கவில்லை. எழுந்தது பாண்டீஸ்வரன். டீ வாங்கி வந்திருந்த பிளாஸ்கைத் தங்கையின் பக்கத்தில் வைத்தான். குழந்தையை, வேறு யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தான். உள்ளே செல்வப்பிரியா அவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சாந்தம்மாள் கால்களை ஒடுக்கி வழி விட்டாள். அவன் படியிறங்கிப் போனான்.