லிங்க் இல்லாதவர்கள்

மாப்பிள்ளை மோதிரத்தைக் கையில் எடுத்த நேரம் பார்த்துத்தான் பழைய லேப்டாப் உயிரை விட்டது. திரை கறுத்த அடுத்த நொடி, வெளிநாட்டில் உட்கார்ந்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் மாமாவிடமிருந்து போன் வந்தது. அவர் பேசிய பேச்சு இரண்டு நாளாகியும் லைவ்காரரின் காதை விட்டுப் போகவில்லை. லைவ்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். முன்பு கல்யாணங்களுக்குப் போட்டோ எடுத்தவர். உறவுகள் நாலு திசைக்கும் சிதறிப்போன பிறகு எல்லோருக்கும் நேரலை தேவைப்பட்டது. அவரும் அதற்கு மாறிவிட்டார். நல்லதுக்கும் போவார், கெட்டதுக்கும் போவார். "பொறந்தா போட்டோ, போனா லைவ்வு. உங்களுக்கு ஓய்வே கெடையாது" என்று மனைவி சொல்வாள். கேலியா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாது.

விடிந்தால் இன்னொரு வேலை கைவசம் இருந்தது. அதனால் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு கடைவீதியில் இருந்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார். சுவர் நெடுகத் திறந்து வைத்திருந்த லேப்டாப்களில் எல்லாம் ஒரே மீன் ஒரே நேரத்தில் நீந்திக்கொண்டிருந்தது. அவரிடம் வந்த விற்பனைப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கடையின் நீலச் சட்டை, அதில் பேட்ஜ். கடைக்குள் வருகிறவர்களை அளந்து பார்க்கும் பார்வை அவளிடம் இல்லை என்பதே அவருக்கு நிம்மதியாக இருந்தது.

"லைவ்வும் போகணும், எடிட்டிங்கும் பண்ணணும். ஆனா வெல கையக் கடிக்கக் கூடாதும்மா."

"எல்லாரும் அதத்தான் சார் கேக்கறாங்க" என்று சிரித்தாள். "சும்மா லைவ் மட்டும்னா இந்தச் சின்னதே போதும். எடிட்டிங்னு வந்துட்டா ரேம் பதினாறாவது இருக்கணும். கிராபிக்ஸ் கார்டு தனியா இருந்தா லைவ் போகும்போது மெஷின் மூச்சு வாங்காது. இது ரெண்டையும் பாருங்க. ஒண்ணு உங்க பட்ஜெட்டுக்குள்ள. இன்னொண்ணு கொஞ்சம் மேல."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருந்தன. கடைக்காரர்கள் போட்டுக் காட்டும் மீனை நம்பி இவர் ஒரு தடவை ஏமாந்திருக்கிறார். மீன் எந்த லேப்டாப்பிலும் நன்றாகத்தான் நீந்தும். ஆகவே தன்னுடைய ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இருப்பதிலேயே கனமான வீடியோவை ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு. மூன்று கேமராவில் எடுத்து இன்னும் வெட்டாமல் இருந்தது ஒன்றுதான், போன வாரம் எடுத்த ஒரு சாவு வீடு. கடையில் வைத்துச் சாவு வீட்டை ஓட்டுவதா என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்தால் போயிற்று என்று விலை குறைந்ததில் செருகினார்.

திரையில் மூன்று கட்டங்கள் திறந்தன. ஒன்றில் வாசல், ஒன்றில் கூடத்தில் உட்கார்ந்திருந்த கூட்டம், ஒன்றில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் இருந்த பெரியவரின் முகம் அந்தக் கோணத்தில் பாதிதான் தெரிந்தது. லைவ்காரர் முகங்களைப் பார்க்கவில்லை. படம் திக்குகிறதா, குரலும் வாயும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்த்தார்.

"இது எங்க வீட்டு நாற்காலி" என்றாள் அந்தப் பெண்.

அவருக்குப் புரியவில்லை. கடையில் இதுபோல நாற்காலி இருக்கிறது என்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தார். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கூட்டத்தின் ஓரத்தில் காலியாகக் கிடந்த ஒரு மர நாற்காலியைத் தொட்டுக் காட்டினாள். அதன் ஒரு கைப்பிடியில் நைலான் கயிறு சுற்றியிருந்தது.

"கை ஒடஞ்சு போச்சு. தூக்கிப் போட மாட்டேன்னு அப்பாதான் கயிறு சுத்துனாரு." விரல் மெல்ல நகர்ந்து கண்ணாடிப் பெட்டிக்கு வந்தது. அங்கேயே நின்றது.

லைவ்காரர் எத்தனையோ சாவுகளில் நின்றிருக்கிறார். சேதி வந்த பிறகுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அழுகை எல்லாம் ஒரு சுற்று முடிந்து, தொண்டை கட்டிப்போன முகங்களைத்தான் அவர் படம் பிடித்திருக்கிறார். சேதி வந்து சேரும் முகத்தை இதுவரை பார்த்ததே இல்லை. அந்தச் சேதியைக் கொண்டுவந்தவர் தானே என்பது உறைத்தபோது உட்கார இடம் தேடினார். பக்கத்தில் எதுவும் இல்லை.

அவள் அழவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பின் மிச்சம் போவதற்கு வழி தெரியாமல் அங்கேயே நின்றது. குனிந்து லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஃபேன் சத்தம் கேக்கல பாருங்க சார்" என்றாள். "சூடும் அவ்வளவா இல்ல."

"அம்மா, நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க."

கட்டளை போலவும் இல்லை, கெஞ்சல் போலவும் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரல். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"என்னைக்கு?"

"போன செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழம நான் இங்கதான் இருந்தேன். ஒருத்தருக்குப் பிரிண்டர் வித்தேன்." திரையில் இருந்த கூட்டத்தைப் பார்த்தபடி, "எத்தன பேர் பாத்தாங்க லைவ்வுல?" என்று கேட்டாள்.

"நானூறு, ஐந்நூறு இருக்கும். வெளிநாட்டுலேர்ந்தெல்லாம்..." என்று பழக்கத்தில் பெருமையாகத் தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் பஸ்ல அரை மணி நேரம்தான்" என்றாள். "நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு வெளிய வந்தப்ப, அப்பா செத்தாக்கூட உனக்குச் சொல்ல மாட்டேன்னு அண்ணன் சொன்னான். கோவத்துல எல்லாரும் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன்."

அந்த அண்ணனை லைவ்காரருக்கு நினைவிருந்தது. தங்கமான மனிதர் என்று மனைவியிடம்கூடச் சொல்லியிருந்தார். வேலை முடிந்ததும் வாசல்வரை வந்து, ஸ்டாண்டுகளை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தவர். அழுது சிவந்த கண்ணோடு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னவர். ஒரே ஆள் இரண்டாகவும் இருக்க முடியும் என்பதை அவர் மனம் ஏற்க மறுத்தது. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தக் கூடத்துக் கேமராவில் அடுத்து என்ன வரப்போகிறது என்பது.

அதற்குள் வந்துவிட்டது. ஒரு வயதான அம்மா கூட்டத்திலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கேமராவை நோக்கி வந்தாள். சரியாக அந்த இடத்தில் படம் திக்கி நின்றது. குரல் மட்டும் ஓடியது. "தம்பி, இத யாரு வேணா பாக்கலாமாப்பா?" அம்மாவின் வாய் பாதி திறந்தபடி திரையில் உறைந்து கிடந்தது.

"இது தாங்காது சார். ரேம் பத்தல" என்றாள் அவள். ஹார்ட் டிஸ்க்கைத் தானே பிடுங்கிப் பக்கத்தில் இருந்ததில் செருகினாள். நின்றுபோன இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். சத்தத்தை முழுதாகக் கூட்டினாள்.

இந்த முறை அம்மா தடையில்லாமல் நடந்து வந்தாள்.

"தம்பி, இத யாரு வேணா பாக்கலாமாப்பா?"

"லிங்க் இருந்தா யாரு வேணா பாக்கலாம்மா." படத்தில் தெரியாத லைவ்காரரின் குரல், வேலை மும்முரத்தில்.

"லிங்க் இல்லாதவங்க?"

அன்றைக்கு அவர் அதைக் காதில் வாங்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அம்மா இன்னும் நெருங்கி வந்து கேமராவுக்குள் உற்றுப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை எடுத்து லென்சை அழுத்தித் துடைத்தாள். கண்ணாடியைத் துடைத்தால் அந்தப் பக்கம் இருப்பவர் தெளிவாகத் தெரிவார் என்று நினைத்தாளோ என்னவோ. படம் முழுக்க ஈரமாக மங்கியது. லென்ஸ் பாழாகிறதே என்ற எரிச்சலில் அவர் நேரலையைச் சட்டென்று வாசல் கேமராவுக்கு மாற்றியிருந்தார். நானூறு பேரும் அந்த நேரத்தில் செருப்புகளைத்தான் பார்த்திருப்பார்கள். திரையின் ஓரத்தில் ஒரு கை வந்து அம்மாவின் தோளைப் பிடித்து அழைத்துப்போனது.

"மறுபடி போடுங்க" என்றாள்.

போட்டார். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் அந்தப் பக்கமாக வந்தார். "என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"சார் இதத்தான் எடுத்துக்கறாரு" என்று அவளே சொன்னாள். "அது லைவ்வுக்குச் சரியா வரல."

அவர் தலையை ஆட்டினார். பட்ஜெட் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. மேற்பார்வையாளர் பில் போடும் இடத்துக்குப் போனதும், "அம்மா வர்ற அந்தத் துண்ட மட்டும் பென்டிரைவ்ல போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று பட்டது.

படம் ஓடத் தொடங்கிய பிறகு முதல்முறையாக அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"எதுக்கு சார்? எங்கம்மா உயிரோடதானே இருக்காங்க?"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது போலிருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கேபிளைச் சுருட்டி, இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள். பிறகு யாரிடமும் எதுவும் சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்தாள். "எங்கம்மா போற? இன்னும் ரெண்டு கஸ்டமர் நிக்கறாங்க" என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டதற்கு அவள் திரும்பவில்லை.

லைவ்காரர் ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்தபடி கண்ணாடிக் கதவுவரை ஓடினார். கூப்பிட்டு என்ன சொல்வது? வண்டி இருக்கிறது, வீடு எனக்குத் தெரியும் என்றா? அவளுக்கா தெரியாது? அவள் அதற்குள் சாலையில் இறங்கியிருந்தாள். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. ஒரு வேன் கிறீச்சிட்டு நின்று, ஓட்டுநர் தலையை வெளியே நீட்டித் திட்டினான். எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தம் வெயிலில் காலியாகக் கிடந்தது. அவள் அங்கே போய் நின்ற பிறகுதான் சட்டையைக் குனிந்து பார்த்தாள். பேட்ஜைக் கழற்றினாள். வைக்க இடமில்லை, கைப்பை கடையிலேயே இருந்தது.

வேறு வழியில் போகும் பேருந்து ஒன்று வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. லைவ்காரர் கதவில் கை வைத்தபடி காத்திருந்தார். அது கிளம்பிப் போனபோது அவள் அங்கேயேதான் இருந்தாள். பேட்ஜை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கால் நடைபாதையிலும் ஒரு கால் சாலையிலுமாக, அடுத்த பேருந்து வரும் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.