உயிருடன் என்ற சொல்

மண்டூர்த் துறையில் தோணி விட்ட யோகராசாவைத் தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில், சுற்றிவளைப்பொன்றில் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி சின்னத்தங்கம் ஏழு மாதம் முகாம் முகாமாக அலைந்தாள். எங்கேயும் ஒரே பதில்: இங்கே அப்படி ஒருவர் இல்லை. கடைசியில் மட்டக்களப்பு நகரில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு வந்தாள்.

அங்கே தட்டச்சு வேலை பார்த்த கண்ணகை, ஆங்கிலத்தில் அடித்த மனுவைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். பெயர், வயது, பிடித்த நாள், அன்று அவர் கட்டியிருந்த நீலச் சாரம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சின்னத்தங்கம், பேனாவை வாங்கிய பிறகு தாளின் தலைப்பைத் தொட்டாள்.

“இதென்ன தங்கச்சி, பெரிய எழுத்தில?”

“ஹேபியஸ் கோர்ப்பஸ். தமிழில ஆட்கொணர்வு மனு எண்டு சொல்லுவம்.”

“தமிழ் விளங்குது. அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?”

அந்த வருடத்தில் கண்ணகை அடித்த முப்பதாவது மனு அது. இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. தெரிந்ததைச் சொல்வதில் அவளுக்குச் சின்னப் பெருமைகூட இருந்தது.

“அது இங்கிலீசுமில்ல அக்கா, லத்தீன். ஹேபியஸ் எண்டா ‘நீ வச்சிருக்க வேணும்’. கோர்ப்பஸ் எண்டா உடல். இங்கிலீசில பிரேதத்துக்குச் சொல்லுற சொல்லும் அதில இருந்துதான்...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னத்தங்கம் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

“நான் உடல் கேட்டு வரல்ல.”

“அப்பிடியில்ல அக்கா. அந்தக் காலத்தில இங்கிலாந்தில, மறியலில அடைச்சு வச்சிருக்கிற ஆளை நீதவானுக்கு முன்னால கொண்டுவந்து காட்டு எண்டு போட்ட கட்டளை. உசிரோட இருக்கிற ஆளைத்தான்.”

“உசிரோட எண்டு இதில எங்க கிடக்கு?”

கண்ணகை நான்கு பக்கங்களையும் புரட்டினாள். இல்லை. தாளை மறுபடி இயந்திரத்தில் செருகி, கடைசிப் பந்தியில் யோகராசாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘உயிருடன்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்தாள். அதன் பிறகே சின்னத்தங்கம் கையெழுத்து வைத்தாள். சட்டத்தரணி அந்தச் சொல்லைக் கண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை வெட்டாமலே மனுவை அனுப்பிவிட்டார்.

கொழும்பு நீதிமன்றத்திலிருந்து முடிவு வரப் பதினான்கு மாதமானது. அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்று படைத்தரப்பு சத்தியக்கடதாசி கொடுத்திருந்தது. மனு தள்ளுபடி.

கண்ணகை அதை வாசித்துக் காட்டியபோது சின்னத்தங்கம் அழவில்லை.

“அப்ப, என்ட கண்ணுக்கு முன்னால ட்ரக்கில ஏத்தினது ஆரை?” என்று மட்டும் கேட்டாள்.

கண்ணகை அலுவலகப் பையனிடம் பிளேன்டீ வாங்கிவரச் சொன்னாள். அது மேசையிலேயே ஆறிப்போனது.

“மூண்டு மணி பஸ்ஸில போகவேணும். ஆறு மணிக்குப் பிறகு ஆமிக்காரனுகள் துறையால போக விட மாட்டானுகள்” என்று சின்னத்தங்கம் எழுந்தாள்.

கண்ணகை பஸ் நிலையம்வரை கூடவே போனாள். யோகராசாவைப் பற்றி அதற்குப் பிறகு எந்தத் தகவலும் வரவில்லை.