மூடிய கர்டர்

சோதனைப் பாரம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. கிரேனின் குறுக்கே கிடக்கும் இரும்புப் பெட்டி உத்திரமான கர்டரின் நடுவிலிருந்து தொங்கிய கம்பியின் முனையில் கட்டியிருந்த அளவுகோலை ஃபோர்மேன் குனிந்து படித்தார்.

"பன்னெண்டு."

கிரேனை வடிவமைத்த அவளுக்குக் கணினி காட்டியிருந்த வளைவு பதினான்கு மில்லிமீட்டர்.

மூன்று மாதமாக அவள் அந்தக் கிரேனைக் கணினிக்குள் கட்டி, பாரம் ஏற்றி, வளைத்துப் பார்த்து, உழைக்காத இரும்பையெல்லாம் கழித்திருந்தாள். ஒரு டன் குறைந்தது. மேலாளர் ஒரே நிபந்தனைதான் வைத்தார். அவள் சொன்ன வளைவே வந்தால் மீதி ஆறு கிரேனும் அவள் வரைபடத்தில், இல்லையென்றால் பழையபடிதான்.

"கம்மியாத்தானே வளைஞ்சிருக்கு, நல்லதுதானே சார்," என்றார் ஃபோர்மேன், யாரும் கேட்காமலே.

"இன்னைக்கு ரெண்டு கம்மி. நாளைக்கு ரெண்டு கூடிப்போனா யார் தலையில விழும்?" மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். "பழைய டிசைனையே எடுத்துடலாம்மா."

நாலு பேர் முன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு மரப்பெட்டிமேல் மடிக்கணினியைத் திறந்தாள். கணக்கு சரியென்றால், உள்ளே அவள் போடாதது ஏதோ இருக்கிறது. கர்டரை நாலு பக்கமும் வெல்டிங் வைத்து மூடியாயிற்று. எட்டிப் பார்க்க வழியில்லை. அடித்தகட்டின்மேல், நடுவில், பத்து மில்லிமீட்டர் கனத்தில் இன்னொரு தகடு வைத்துக் கணக்கை ஓடவிட்டாள். 12.8. தகட்டின் நீளத்தை எட்டு மீட்டராகக் கூட்டினாள். 11.9.

ஃபோர்மேனிடம் போனாள். "அண்ணே, உள்ள எட்டு மீட்டருக்குத் தகடு வெச்சீங்களா?"

அவர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். "எந்தப் பய சொன்னான்?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"எட்டு இல்ல, ஏழரை," என்றார் தரையைப் பார்த்து. "ஒரு டன்னைக் குறைச்சா மனசு கேக்குமாம்மா? அடியில நிக்கறது நம்ம ஆளுங்க."

ஏழரை என்று அடித்தாள். 12.0.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை இன்னொரு முறை பார்த்தார். "ஆறும் இந்தப் பொண்ணு வரைஞ்சபடியே," என்றார் ஃபோர்மேனிடம். "ஒட்டுத் தகடு ஒண்ணு கூடாது."

அடுத்த வாரம் ஃபோர்மேன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். இரண்டாவது கர்டரின் மேல்தகடு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மூடப்போறேன். பாத்துக்க. அப்புறம் உன் கம்ப்யூட்டர் என்னைப் போட்டுக் குடுக்கும்."

அவள் டார்ச்சை வாங்கிக் குனிந்தாள். வெளிச்சம் அடித்தகட்டின்மேல் எதிலும் இடிக்காமல் மறுமுனைவரை ஓடியது.