முனியப்பனின் ரெக்கார்டுப் பெட்டி

காரிமங்கலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே ஓடிய டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஞானராஜுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஓடாத படங்களின் பாட்டு ரெக்கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பான். ஓடிய படங்களின் பாட்டுக்கு என்ன குறை? ரேடியோவில் தினமும் வருகிறது. அறுபதுகளில் வந்து மூன்றாம் நாளே கொட்டகையை விட்டுத் தூக்கிய படங்கள் எத்தனையோ. அவற்றுக்கும் யாரோ உட்கார்ந்து மெட்டுப் போட்டிருந்தார்கள், யாரோ உயிரைக் கொடுத்துப் பாடியிருந்தார்கள். படம் விழுந்ததும் பாட்டும் கூடவே புதைந்து போனது.

இப்போது எண்பத்து நாலாம் வருஷம். மைக்செட்காரர்கள் எல்லாரும் கேசட்டுக்கு மாறி, பழைய ரெக்கார்டுகளை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானராஜ் லீவு நாட்களில் அந்தக் குப்பையைக் கிளறினான்.

“எடுக்கறதுதான் எடுக்கறீங்க, நாலு பேருக்குத் தெரிஞ்ச பாட்டா எடுத்தா ஆவாதா?” என்பாள் அவன் மனைவி ராஜமேரி.

எவ்வளவு தேடியும் அவனுக்கு அகப்படாமல் ஒரு பாட்டு போக்குக் காட்டியது. படத்தின் பெயரைச் சொன்னால் கொட்டகைக்காரர்களே விழித்தார்கள். அரூரில் ஒரு நடைபாதைக் கடையில் அதன் பாட்டுப் புத்தகம் மட்டும் கிடைத்தது. வரிகளை மனப்பாடம் செய்துவிட்டான். அந்த வரிகளை எந்தக் குரல் எப்படிப் பாடியது என்பதுதான் தெரியவில்லை. சில நாள் பஸ்ஸில் நின்றபடி தானே ஒரு மெட்டுக் கட்டிப் பார்ப்பான். ஒட்டாது.

தக்காளிக் கூடையோடு அந்த பஸ்ஸில் வாடிக்கையாக ஏறுகிற தீர்த்தம்மாள் ஒருநாள் அவன் காலடியில் கிடந்த ரெக்கார்டுக் கட்டைப் பார்த்தாள்.

“இதெல்லாம் எதுக்குங்க தம்பி?”

“கேக்கறதுக்குத்தாங்கம்மா.”

பஸ்ஸில் கூட்டம் குறைந்ததும் அவள் கிட்டே வந்து நின்றாள். “எங்க வூட்டுப் பரண்ல ஒரு பொட்டி நெறைய இருக்குதுங்க. எங்க வூட்டுக்காரரு மைக்செட்டு வெச்சிருந்தாரு. முனியப்பன் மைக்செட்டுன்னா அப்ப சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

எழுபத்தொன்றில் மாரியம்மன் பண்டிகை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஈரக் கையோடு ஆம்ப்ளிஃபயரைத் தொட்ட முனியப்பனைக் கரண்டு அடித்துத் தூக்கி எறிந்தது. அங்கேயே உயிர் போய்விட்டது.

“நான் வூட்டுல மாவு ஆட்டிக்கிட்டிருந்தேன். ஒரு பொம்பளை பாடிக்கிட்டிருந்துச்சி. அந்தப் பண்டிகைக்குத்தான் புதுசா வாங்கியாந்திருந்தாரு, அன்னிக்குத்தான் மொதல்ல கேக்கறேன், கேட்டதும் புடிச்சிப்போச்சி. பாதியில நின்னுபோச்சி. கரண்டு போயிருச்சின்னு நெனச்சிக்கிட்டு நான்பாட்டுக்கு ஆட்டிக்கிட்டே இருந்தேன்.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அப்பறம் அந்தப் பாட்ட எந்த ரேடியோவுலயும் கேக்கலீங்க. மீதிப் பாட்டு எப்பிடிப் போவுதுன்னு ஒரு தரம் கேக்கணும். போட்டுக் குடுங்க, பொட்டியோட எடுத்துக்கங்க. ஆனா எம்மவன் தர்மன் இல்லாத நாளா வாங்க.”

“ஏங்கம்மா?”

“அன்னிக்கு இன்னொரு மைக்செட்டுக் குழாய் கட்டறதுக்கு வேப்ப மரத்து மேல ஏறியிருந்தான். மேலருந்து எல்லாத்தையும் பார்த்தவன். இன்னிக்கும் வூட்டுல ஒரு ரேடியோ கெடையாது. ரெண்டு தரம் பொட்டியக் கெணத்துல போடத் தூக்கிட்டுப் போனான். நாந்தான் குறுக்க வுழுந்து மறிச்சேன்.”

அடுத்த சந்தை நாளில் தர்மன் மாடு விற்கக் காரிமங்கலம் போயிருந்தான். ஞானராஜ் பேட்டரி பிளேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு கொள்ளுக்காட்டு வழியாக நடந்து போய்ச் சேர்ந்தான். தீர்த்தம்மாள் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் பெட்டியை நடுவீட்டுக்கு இழுத்தாள். பூட்டு துருப்பிடித்திருந்தது. அருவாள்மணைக் கட்டையால் தட்டித் திறந்தார்கள்.

கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்குகிற பழைய கறுப்பு ரெக்கார்டுகள். பெரும்பாலும் அவன் பேர்கூடக் கேள்விப்படாத படங்கள். மலிவாகக் கிடைத்ததையெல்லாம் முனியப்பன் வாங்கியிருக்க வேண்டும். அல்லது அவனைப் போலவே இந்த அநாதைப் பாட்டுகள் மேல் அவருக்கும் ஏதோ ஒரு பிடிப்பு இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாகத் துடைத்து ஓடவிட்டான். ஒன்றில் கிளாரிநெட் அப்படியே நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. இன்னொன்றில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு பாடினார்கள். இத்தனை வருஷம் பரணில் எலிப்புழுக்கை நடுவே இவை கிடந்தன என்று நினைக்கவே அவனுக்கு ஆறவில்லை. வேறு நாளாக இருந்தால் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை கேட்டிருப்பான். ஆனால் தீர்த்தம்மாள் நாலு வரிக்குள் தலையை ஆட்டிவிடுவாள்.

“இது இல்லீங்க.”

வெளியே நாய் குரைத்தாலும் அவள் எழுந்து போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள். அவனுக்கும் காது பாதி பாட்டிலும் பாதி வாசலிலும் இருந்தது.

பெட்டியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தபோது, உறை இல்லாத ஒரு ரெக்கார்டு கைக்கு வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். பாதியில் தொடங்கி நடுக் காகிதம் வரைக்கும் ஆழமாக ஒரு கோடு. முள் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ அதன் கைப்பிடியை இழுத்துவிட்டதால் விழுந்த கீறல். தானாக விழுந்ததல்ல. முனியப்பன் சாயும்போது என்ன நடந்திருக்கும் என்பது அவனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. காகிதத்தில் இருந்த பெயரைப் படித்தான்.

அவன் தேடிக்கொண்டிருந்த படம்.

இதைப் போட்டால் இவள் அடையாளம் கண்டுகொள்வாள், அப்புறம் கைவிட மாட்டாள். விஷயம் மகனுக்குத் தெரிந்தால் உடைத்துப் போடுவான். நாடு முழுக்கத் தேடினாலும் இதற்கு இன்னொரு பிரதி இருக்குமோ இருக்காதோ. போதாததற்குக் கீறல் வேறு. பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போகவே போகாது. மீதியைக் கேட்க இவளுக்கு வழியில்லை. அப்படியிருக்க எதற்கு வீணாக இவள் மனசைக் கிளற வேண்டும்? காரணங்கள் வரிசையாக வந்தன. அவன் கை அதற்குள் ரெக்கார்டை, கேட்டு முடித்த அடுக்கின் அடியில் செருகிவிட்டிருந்தது.

மிச்சம் இருந்ததையும் போட்டுக் காட்டினான்.

“அவ்ளோதானுங்களா?” என்றாள் தீர்த்தம்மாள்.

“அவ்ளோதாங்கம்மா.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு படாரென்று திறந்தது. கையில் வெறும் தாம்புக்கயிறோடு தர்மன் நின்றான். முப்பது வயதிருக்கும், கட்டுமஸ்தான ஆள். மாட்டைச் சந்தைக்குப் போகிற வழியிலேயே ஒரு வியாபாரி வாங்கிக்கொண்டதால் சீக்கிரம் திரும்பிவிட்டிருந்தான். திறந்த பெட்டியைப் பார்த்தான். பிளேயரைப் பார்த்தான்.

“யாருய்யா நீ?”

“தர்மா, பஸ் கண்டக்டருடா. நாந்தான் வரச் சொன்னேன்.”

“எங்கப்பன முழுங்குன சனியன நடு வூட்டுல வெச்சிப் பாட விடறியா?” கயிற்றை வீசிவிட்டு இரண்டே எட்டில் உள்ளே வந்தான். அடுக்கை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினான். சுவரில் அடிக்கப் போகிறான் என்று தெரிந்தது.

“அத்தனையும் ஒடைக்காதீங்க!” ஞானராஜ் எழுந்து நின்று கத்திவிட்டான். “நீங்க ஒடைக்க நெனைக்கிறது ஒண்ணுதான். அது அடியில இருக்குது.”

தீர்த்தம்மாள் பக்கம் திரும்ப முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னான். “அம்மா, நான் ஒளிச்சி வெச்சிட்டேன். நான் பல வருஷமாத் தேடற ரெக்கார்டு. விட மனசு வரல.”

“தெரியுந்தம்பி,” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனைச் சுட்டது. “மத்ததையெல்லாம் தொடச்சித் தொடச்சிப் போட்டீங்க. அத எடுத்தப்ப உங்க கை அப்பிடியே நின்னுபோச்சி. நீங்களாச் சொல்றீங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.”

தர்மன் அடுக்கைத் தரையில் இறக்கி, அடியிலிருந்ததை உருவினான்.

“ஒடைச்சிக்கடா,” என்றாள் தாய். “நான் குறுக்க வரல. ஒரு தரம் கேட்டுக்கறேன், அப்பறம் ஒடைச்சிக்க.”

“என்னால அதக் கேக்க முடியாதும்மா.”

“அப்பிடின்னா வெளிய போய் நில்லு.”

அவன் போகவில்லை. ரெக்கார்டை ஞானராஜிடம் நீட்டினான்.

முள் இறங்கியது. கரகரப்புக்குள்ளிருந்து வீணை எழும்ப, அதன் மேல் பெண் குரல் வந்தது. ஞானராஜ் தானாகக் கட்டிப் பார்த்த எந்த மெட்டும் அதன் காலடிக்குக்கூட வராது. தீர்த்தம்மாள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். சரணம் தொடங்கியது.

“வருவதாய்ச் சொன்ன...”

டொக்.

“வருவதாய்ச் சொன்ன...” டொக். “வருவதாய்ச் சொன்ன...”

தர்மன் சுவரோடு ஒண்டிப் போய்க் காதைப் பொத்திக்கொண்டான். முப்பது வயது ஆள் அந்த நிமிஷத்தில் மறுபடியும் அந்த வேப்ப மரத்து மேல் இருந்தான். “நிறுத்துய்யா! நிறுத்து!”

“நிறுத்தாதீங்க தம்பி,” என்றாள் தீர்த்தம்மாள். “இதே எடந்தான். இதுக்கு மேல போவாதா?”

போக வைக்க ஒரு வழி இருந்தது. முள்ளின் தலை மேல் கனமாக எதையாவது வைத்தால் கீறலை உழுதுகொண்டு போகும். ரெக்கார்டைச் சேர்க்கிறவன் எவனும் அதைச் செய்ய மாட்டான். பள்ளம் சிதைந்து போகும், இன்னொரு தடவை ஓட்ட முடியாது. ஞானராஜ் சட்டைப் பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்தான். கைப்பிடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பட்டும் படாமல் தலை மேல் வைத்தான்.

முள் முனகியது. கீறலில் இடித்து ஏறித் தாண்டியது.

“...மழையே” என்று குரல் மேலே போனது.

சுற்றுக்குச் சுற்று டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே பாட்டு நடந்தது. இரண்டாம் சரணம் வந்தது, ஒரு புல்லாங்குழல் வந்தது, பல்லவிக்குத் திரும்பியது, தேய்ந்து முடிந்தது. சாதாரணமான முடிவுதான். தர்மன் எப்போது காதிலிருந்து கையை எடுத்தான் என்று ஞானராஜ் கவனிக்கவில்லை.

தீர்த்தம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். “இப்பிடித்தான் முடியுதா? நான் எப்பிடியெப்பிடியோ நெனச்சிக்கிட்டிருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போதும்டா தர்மா. எடுத்துக்க.”

தர்மன் ரெக்கார்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். ஞானராஜ் தடுக்கவில்லை. துணி துவைக்கிற கல்லில் அது உடைகிற சத்தம் கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு ரொம்ப நேரம் வெளியே எந்தச் சத்தமும் இல்லை. தீர்த்தம்மாள் எழப் போனாள். அதற்குள் அவன் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, தாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“கண்டக்டரு,” என்றான். “பொட்டியக் குடுக்க மனசு வரலீங்க.”

“இருக்கட்டும். அது உங்க அப்பா சேத்தது.”

“அவரு என்னென்ன வெச்சிருந்தாருன்னே எனக்குத் தெரியாது. நான் ஒண்ணையும் காதுல வாங்கினதில்ல.” ரெக்கார்டு அடுக்கைப் பார்த்தான். “ஒங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாவலீன்னா, நல்லதா ஒண்ணு போடுங்க.”

ஞானராஜ் அடுக்கைப் புரட்டினான். கிளாரிநெட் வந்த ரெக்கார்டைத் தேடி எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, பிளேயரில் வைத்தான்.