செவ்வாய்க்கிழமை மெழுகுதிரிகள்

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். டெனிஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா இமெல்டாவின் ஒரு கை அவளுக்கு, மற்றக் கை அண்ணன் றொஹானுக்கு. வாசலில் அம்மா எப்போதும் நாலு மெழுகுதிரி வாங்குவாள்.

“நாங்க ரெண்டு பேர்தானே?” என்று றொஹான் ஒருமுறை கேட்டான்.

“பிறக்காமப் போனதும் ரெண்டு. அதுகளும் என்ட பிள்ளைகள்தான்.”

“அப்ப அவங்கட ஐஸ்பழமும் எனக்குத்தான்!”

உருகிய மெழுகை விரல்நுனியில் தொப்பியாகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய நாட்கள் அவை.

இன்றைக்கும் அம்மாவோடு வந்திருந்த டெனிஷாவின் கைப்பையில் ஒரு படிவம் கிடந்தது. அவளுடைய ஆறு வயது ரொனிக்குத் தலசீமியா; மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். வெள்ளவத்தைக் கிளினிக்கில் அவளுக்கும் கணவனுக்குமாக நாலு கரு உருவாக்கி வைத்திருந்தார்கள். ஒன்று ரொனிக்குப் பொருந்தும். அது பிள்ளையாகப் பிறந்தால் தொப்புள்கொடி இரத்தம் அவனைச் சுகப்படுத்தக்கூடும். நாளைக்குள் கையெழுத்து வேண்டும். மற்ற மூன்றையும் வைத்திருப்பதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, அழிப்பதா? அம்மாவிடம் இன்னும் மூச்சுவிடவில்லை.

“கீயத நங்கி?” மெழுகுதிரிக்காரி சிங்களத்தில் எத்தனை என்று கேட்டாள். டெனிஷா ஐந்து விரலையும் விரித்தாள்.

“ரொனிக்கு ஒண்டு. மற்ற நாலும் ஆருக்கு?” என்றாள் அம்மா.

வரிசையில் நின்றபடியே டெனிஷா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“அண்ணனுக்காகத்தான் பெத்தனான் எண்டு அந்தப் பிள்ளையிட்ட சொல்லுவியா?”

“அதுதானம்மா பயமா இருக்கு.”

“நீ மட்டும் ஏன் பிறந்தனி? விளையாட ஆளில்லையெண்டு றொஹான் குடுத்த கரைச்சல் தாங்கேலாமத்தான். பிறந்த பிறகு உன்னைத் திருப்பிக் குடுக்கச் சொன்னான், அது வேற கதை.”

டெனிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

“மற்ற மூண்டும்?”

“ரெண்டுக்கு ரொனிட தலசீமியா வருத்தம்தான். ஒண்டு நல்ல சுகம். ஆனா ரொனிக்குப் பொருந்தேல்ல.”

“சுகமான பிள்ளை. உதவாது எண்டு விடப்போறியா?”

டெனிஷா ரொனிக்கான திரியை முதலில் ஏற்றினாள். ரொனியின் திரியிலிருந்தே மற்ற நாலையும் கொளுத்தினாள்.

திரும்பும் பஸ்ஸில் படிவத்தை மடியில் விரித்து, ரொனிக்குப் பொருந்துகிற கருவுக்குக் கையெழுத்து வைத்தாள். அடுத்து, ‘வைத்திருக்கவும்’ என்ற கட்டத்துக்கு வந்தாள். விரலில் ஒட்டியிருந்த மெழுகு அதில் பட்டு, பேனை எழுதவில்லை.

“மூண்டையுமா?” அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஓம், மூண்டையும்.”

மை பிடிக்கும் வரைக்கும் அதன்மேலேயே அழுத்தி அழுத்திக் கீறினாள்.