ஷீரடி என்று சொல்லிப் போன கப்பல்

கணவரின் சிநேகிதர் வாசுதேவன் இரண்டாம் முறை கேட்டபோது பார்வதி போனை இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“அண்ணி, ஃப்ளெக்ஸ் கடைக்காரன் காத்துனு இருக்கான். பக்தா போன்ல நல்ல போட்டோ இருக்கும், குடுங்க.”

“எங்க வெச்சாரோ தெரிலண்ணா.”

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவள் கணவர் பக்தவத்சலம் படுத்திருந்தார். விடியற்காலையில் டீ கேட்டார். அவள் போட்டுக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். அவர்கள் பேட்டையான போபோடியில் யார் செத்தாலும் சந்து முனையில் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டாமல் பிணத்தை எடுப்பதில்லை. அதற்கு ஒரு படம் வேண்டும். ஆதார் அட்டையில் இருந்த படத்தில் அவர் போலீஸ் பிடித்து வந்த ஆள் மாதிரி இருந்தார்.

போனில் படங்கள் நிறைய இருந்தன. அத்தனையும் கப்பல்.

வெடிமருந்து ஃபாக்டரியில் முப்பத்தைந்து வருஷம் உழைத்த மனுஷனுக்கு எழுபத்திரண்டு வயதில் உல்லாசக் கப்பல் ஆசை பிடித்தது. நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். அலைச்சலே கூடாது என்று டாக்டர் சொன்னார். பெங்களூரிலிருந்து மகன் சந்துரு, “கப்பல் கிப்பல்னு பேச்செடுத்தா நான் வீட்டுப்பக்கமே வரமாட்டேன்” என்று கத்தினான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, ஷீரடிக்குப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லி, மும்பையில் கப்பல் ஏறிவிட்டார்கள் கிழவனும் கிழவியும். திரும்பும்போது பக்கத்துக் கட்கி பஜாரில் பேடா வாங்கி, ஷீரடி பிரசாதம் என்று சந்து முழுக்கக் கொடுத்தது பார்வதியின் யோசனை. அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. திரும்பி வந்து இன்றைக்கு நாலாம் நாள்.

பக்கத்து வீட்டு ஷீலா பெட்டியைத் தடவித் தடவி அழுதாள். “போறதுக்கு முன்னாடி பாபாவைப் பாத்துட்டாரே! எவ்ளோ புண்ணியம் அண்ணனுக்கு!”

சாமி பேரில் சொன்ன பொய், நாலே நாளில் தாலிக்கு வந்துவிட்டது. சந்துருவுக்குத் தெரிந்தால்? நீதான் அப்பாவைக் கொன்னே என்று இத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டால், அப்புறம் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? அவன் வருவதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று பார்வதி பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டாள்.

முதல் படத்தில் அவர் கப்பல் லிஃப்டில் நின்றிருந்தார். வேலை வெட்டி இல்லாமல் ஒன்பது மாடியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அடுத்ததில் மூன்று கிண்ணம் ஐஸ்கிரீம். இன்னொன்றில் அவளே இருந்தாள், காலை ஆறரை மணிக்கு, மேல்தளத்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அந்த நேரத்துக்கு அவள் அடுப்படியில் நிற்காத நாட்கள் அந்த மூன்றுதான். ஒரு படத்தைக்கூட அவளால் அழிக்க முடியவில்லை.

கதவு தட்டப்பட்டது. “அம்மா, நான்தான்.”

வெளியே வந்ததும் சந்துரு கட்டிக்கொண்டு அழுதான். பிறகுதான் அவள் கையைக் கவனித்தான். “அப்பா போன் உன்கிட்டதான் இருக்கா?” என்று வாங்கிக்கொண்டான். அவருக்கு லாக் போடத் தெரியாது, தொட்டதும் திறந்தது.

அவன் விரல் தள்ளியது, நின்றது, மறுபடி தள்ளியது.

“இது எங்கம்மா?”

அவள் பதில் சொல்வதற்குள் அவன் விரல் ஒரு வீடியோவில் பட்டுவிட்டது. பாட்டுச் சத்தம் கூடத்தை நிறைத்தது. அதையும் மீறி பக்தவத்சலத்தின் குரல். “ஏய் பார்வதி! இன்னா வெக்கம்? வா, யாரும் பாக்கல, வா!”

அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கினார்கள். ஷீலா பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். போனுக்குள் அவர் சிரித்தார், மூச்சு வாங்கினார், மறுபடி சிரித்தார்.

மூச்சு வாங்கியது சந்துருவுக்கும் கேட்டது. “டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான் போனோம். கப்பல். மூணு நாளு. ஷீரடி இல்ல.” சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வீடியோ முடிந்தது. சந்துரு அதை முதலிலிருந்து ஓடவிட்டான். மூன்றாம் முறை ஓடும்போது ஷீலா எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணனா ஆடுறாரு?”

“ஆமா” என்றாள் பார்வதி. “என்னையும் ஆட வெச்சாரு.”

சந்துரு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து வாசுதேவனிடம் காட்டினான். வாசுதேவன் தயங்கினார். “பின்னாடி கடலு, கப்பல் கம்பியெல்லாம் தெரியுதேப்பா. வெட்டிடச் சொல்லட்டா?”

“இருக்கட்டும்” என்றான் சந்துரு, அவளைப் பார்க்காமல்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை என்பதால் பார்வதி வாசலோடு நின்றுவிட்டாள். சந்து முனையில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். வாசலிலிருந்து பார்க்க, மின்கம்பம் அவர் முகத்தை மறைத்திருந்தது. மீதியெல்லாம் கடல்தான். காற்றுக்கு அது உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது.