மேடைக்கு அடியில் ஐந்து வருடம்

வவுனியாவுக்கு வடக்கே ஒரு சிறிய புகையிரத நிலையத்தில் வீரகத்தி போர்ட்டராக இருந்தான். அவன் சாதியைக் கேட்டறிந்த பிறகு, பக்கத்துக் குடியேற்றத்தில் ஒருவரும் அவனுக்கு வீடு கொடுக்கவில்லை. கமக்காரர் சங்கத் தலைவர் தில்லைநாதன் வெறுங்காணியில் கொட்டில் போடவும் விடவில்லை. கடைசியில் ஸ்ரேசன் மாஸ்டர்தான், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் குண்டுக்குப் பயந்து மேடைக்கு அடியில் கட்டியிருந்த கொங்கிறீற் அறையைத் திறந்து காட்டினார். பதினொரு படி இறங்கவேண்டும். யன்னல் இல்லை. வீரகத்தியும் மனைவி அருந்ததியும் அங்கே ஐந்து வருடம் குடியிருந்தார்கள். ரயில் போகும்போதெல்லாம் சோற்றுக்குள் சுண்ணாம்பு உதிரும்.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழியில் புயல் அடித்தது. விடியும்போது குடியேற்றத்தில் ஒரு கூரையும் மிஞ்சவில்லை, காற்றும் ஓயவில்லை. ஸ்ரேசனை நோக்கி ஓடிவந்த சனத்தைப் பார்த்து வீரகத்தி கத்தினான்.

“கீழை வாங்கோ! பிள்ளையளை முதல் இறக்குங்கோ!”

இருபத்தேழு பேர் இறங்கினார்கள். தில்லைநாதனும் மனைவி விமலேஸ்வரியும் மூத்த மகளோடும் சின்னப் பிள்ளையோடும் கடைசியாக வந்தார்கள். அன்று முழுவதும் அருந்ததியின் பாத்திரங்களை ஒருவரும் தொடவில்லை. மறுநாள் காலை, இருந்த அரிசி எல்லாவற்றையும் போட்டு அவள் கஞ்சி காய்ச்சினாள்.

“பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் தா” என்றாள் விமலேஸ்வரி. பிள்ளை மிச்சம் விட்டதைத் தானும் குடித்தாள். பிறகு எல்லோரும் குடித்தார்கள். தில்லைநாதன் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து இரண்டு கோப்பை குடித்தார்.

அவர்கள் போனபின் அருந்ததிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இனி எங்களுக்கும் ஒரு துண்டு காணி விடுவினம், பாருங்கோ.”

தை முடியுமுன் மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் போனது. நிலையத்துக்கு அடியில் ஆட்கள் வசிப்பது சுகாதாரக்கேடு என்று எழுதி, கஞ்சி குடித்த பெரியவர்கள் அத்தனை பேரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். வீரகத்தி தில்லைநாதனின் படலையில் போய் நின்றான்.

“ஏனய்யா இப்பிடிச் செய்தனீங்கள்?”

“நீ அங்கை இருக்குமட்டும் அந்தக் கஞ்சிக் கதையும் இருக்கும். எனக்குக் கலியாணத்துக்கு ஒரு பொம்பிளைப்பிள்ளை நிக்குது.”

“நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே.”

“சொல்லாட்டிலும் இருக்கும்.”

அறை வாசலை மூடிக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கல்லும் சீமெந்தும் சுமந்தது வீரகத்திதான். அது போர்ட்டர் வேலை. அவனை மதவாச்சிக்கு மாற்றினார்கள்.

புறப்பட்ட அன்று மேடையில் விமலேஸ்வரியும் ரயிலுக்கு நின்றாள். ரயில் வந்து நின்றதும் அருந்ததி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கையை உயர்த்தினாள். விமலேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பெட்டியை நோக்கி நடந்தாள். உயர்த்திய கையால் அருந்ததி கொண்டையைச் சரிசெய்தாள். வீரகத்தி அதைக் காணாதவன்போல் தகரப்பெட்டியைத் தூக்கி ரயிலுக்குள் வைத்தான்.